மூன்று நாள் மௌனத் தியானம்: ஒரு மதிப்பீடு

அழைப்பிதழில் 'மனநிலை மாற்றமும் தனிமனித வளர்ச்சியும்' என்ற தலைப்பைப் பார்த்ததும், கைதட்டச் சொல்லிக்கொண்டே இருக்கும் இன்னொரு கூட்டம் என்று எண்ணி ஒதுக்கிவிட இருந்தேன். அடியில் சிறிய எழுத்தில் 'புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் வழியில்' என்றிருந்த வரிக்காகவே பணம் கட்டினேன். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஜெப, தியான முறை அது. மலையடிவாரத்துத் தியான இல்லம் ஒன்றில் மூன்று நாள் தங்குவதற்கும் உணவுக்கும் சேர்த்து 2,400 ரூபாய். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன்; கத்தோலிக்கத் தியான இல்லத்துக்குப் போவது இதுவே முதல் முறை. நாங்கள் 'மனந்திரும்புதல்' என்பதை அவர்கள் 'மனமாற்றம்' என்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் 'மெட்டனோயா' என்ற ஒரே கிரேக்கச் சொல்தான்.

முதல் நாள் மாலையில் அருட்தந்தை ஒருவர், கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னார். 1521 மே மாதம் வட ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய அந்தப் போர்வீரர், லொயோலாவில் தம் குடும்ப மாளிகையில் படுத்துக் கிடந்தபோது பொழுதுபோக்க வீரசாகசக் கதைப் புத்தகங்களைக் கேட்டார். வீட்டில் அவை இல்லாததால் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுகளுமே அவர் கைக்கு வந்தன. போர்ப் புகழையும் ஒரு சீமாட்டியையும் பற்றிய கற்பனைகள் அந்த நேரத்தில் இனித்தாலும் பின்னர் வறட்சியையே விட்டுச்சென்றன என்பதையும், புனிதர்களைப் போல வாழும் எண்ணமோ ஓய்ந்த பிறகும் மகிழ்ச்சியாக நிலைத்தது என்பதையும் படுக்கையிலேயே அவர் கவனித்தார். ஓர் எண்ணம் தம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கும் அந்தப் பழக்கம்தான், 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த பயிற்சிகளுக்கு வித்து. முழுப் பயிற்சி ஏறத்தாழ 30 நாள். மூன்று நாள் என்பது பந்தியில் உட்கார்ந்து ஊறுகாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுவதைப் போன்றது என்பதை அவரே சிரித்தபடி ஒப்புக்கொண்டார்.

அன்றிரவின் ஆன்ம ஆய்வுக்காகவே இந்தத் தியானத்துக்குப் போகலாம். சிற்றாலயத்தில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, நன்றி கூறி, ஒளி கேட்டு, அன்றைய நாளைக் காலையிலிருந்து மீண்டும் நடந்து பார்த்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாளை ஒப்படைக்கச் சொன்னார்கள். அன்று காலை அலுவலகத்தில் என்னோடு பணிபுரிபவருக்குப் பதவி உயர்வு அறிவித்திருந்தார்கள். 'வாழ்த்துச் சொன்னேன்' என்று நோட்டில் நன்றிப் பகுதியிலேயே எழுதியிருந்தேன். நாளை மீண்டும் நடந்து பார்த்தபோதுதான், பேருந்தில் வந்த நான்கு மணி நேரமும் அவருடைய திறமைக் குறைவைப் பற்றி ஒரே வாக்கியத்தை வெவ்வேறு விதமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தது தெரிந்தது. எழுதியதை அடித்துவிட்டேன்.

இப்படி உழுது வைத்த நிலத்தில், இரண்டாம் நாள் வெளியிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் இரண்டரை மணி நேரம் வேறு விதை விதைத்தார். கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றிபெறப் பிறந்தவன்' என்று தினமும் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஆதாரமாகத் திரையில் ரோமர் 12:2. 'உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்' என்று எங்கள் வேதாகமத்தில் உள்ள அந்த வினை கிரேக்கத்தில் செயப்பாட்டு வடிவம் கொண்டது; அதாவது நாமே செய்துகொள்வதன்று, நம்மிடத்தில் செய்யப்படுவது. மலையின் மேல் இயேசு மறுரூபமானதைச் சொல்ல மாற்கு 9:2 பயன்படுத்துவதும் அதே வினையைத்தான். முந்தைய வசனமோ, தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டுச் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. ஒப்புக்கொடுத்தவரிடத்தில் தேவன் செய்யும் வேலையை, தன்னைத்தானே சாவி கொடுத்து ஓட்டிக்கொள்ளும் பயிற்சியாக மாற்றியது மட்டுமன்றி, குழு விளையாட்டு என்ற பெயரில் மௌனத்தையும் கலைத்தார்கள். மௌனத் தியானம் என்று பணம் வாங்கிவிட்டு இப்படிச் செய்வது முறையன்று.

உணவு எளிமையாகவும் நன்றாகவும் இருந்தது. இரவுக் கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் இன்னும் நாவில் நிற்கின்றன. அறைச் சன்னலில் கொசுவலை கிழிந்திருந்தது.

மூன்றாம் நாள் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் தனி வழிகாட்டல். என் பேருந்து வாக்கியத்தைக் கேட்ட அருட்சகோதரி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "அதை யாரிடம் சொல்வதற்காக ஒத்திகை பார்த்தீர்கள், ஐயா?" என்று மட்டும் கேட்டார். மேலாளரிடம் என்று சொல்ல வாயெடுத்தேன், அது உண்மையில்லை. இறந்துபோன என் தகப்பனாரின் முகம்தான் வந்தது. மீதி நேரம் இருவருமே அதிகம் பேசவில்லை.

கட்டணத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்றால், முதல் இரவுக்கும் அந்த இருபது நிமிடத்துக்கும் தாராளமாக உண்டு. போகிறவர்கள் கொசுவர்த்தியும் கட்டுப்போட்ட நோட்டு ஒன்றும் எடுத்துச் செல்லலாம். இரண்டாம் நாள் வகுப்பு கட்டாயமா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்வதும் நல்லது. கட்டாயம் என்றால் எட்டு நாள் தியானத்துக்குப் பதிவு செய்வதே மேல். அதில் அந்த வகுப்பு இல்லையாம்.