பிரசவ நாள் நெருங்கிவிட்டது: வலி தானாக வரட்டும் என்று இருப்பதா, மருந்து வைத்து வரவழைப்பதா?

39 வாரம் முடிந்ததும் என் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். விருப்பப்பட்டால் இப்போதே மருந்து வைத்து வலியை வரவழைக்கலாம். இல்லையென்றால் தானாக வலி எடுக்கும்வரை பொறுத்திருக்கலாம், ஆனால் 41 வாரத்தைத் தாண்ட விடமாட்டேன் என்றார். நான் பொறுத்திருந்தேன். முதல் குழந்தை, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை, தலை கீழே திரும்பியிருந்தது, வளர்ச்சியும் சரியாக இருந்தது. இதே நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இவற்றில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறிவிடும். அழுத்தம் ஏறியவர்களுக்கும், குழந்தையின் வளர்ச்சி குறைந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கும் மருத்துவர் சீக்கிரம் வரவழைக்கச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். அங்கே இந்த ஒப்பீட்டுக்கு வேலை இல்லை.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மருந்து வைத்தால் நாள் கையில் இருக்கும். விடுப்பு, வீட்டில் யார் இருப்பது எல்லாவற்றையும் திட்டமிடலாம். நிறைமாத அவஸ்தையும், தூக்கமில்லாத இரவுகளும் சில நாள் முன்னதாகவே முடியும். காத்திருந்தால் இது எதுவும் கையில் இல்லை. ஆனால் வலியின் ஆரம்ப நேரத்தை வீட்டிலேயே, நடந்தும் உட்கார்ந்தும் கழிக்கலாம். இதில் சொல்ல அதிகம் இல்லை, அவரவர் சூழ்நிலைதான்.

முடிவெடுக்கும் முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: உங்களுக்குச் சொன்ன தேதி எதிலிருந்து வந்தது? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று எண்ணுவதுதான் வழக்கமான முறை. அது 28 நாள் சுழற்சியை வைத்துப் போட்ட கணக்கு. சுழற்சி 35 நாள் உள்ளவருக்கு அந்தத் தேதி சுமார் ஒரு வாரம் முன்னால் விழுந்துவிடும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து சொல்லும் தேதிதான் நம்பகமானது. கடைசி மாதத்து ஸ்கேனில் வரும் தேதியை வைத்து நாளை மாற்றக்கூடாது, ஏனென்றால் அதற்குள் குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி வேறுபட ஆரம்பித்துவிடும். 39, 41 என்று நாம் பேசுவதெல்லாம் இந்த ஒரு தேதியில் நிற்கிறது. சொன்ன தேதியில் அச்சாகப் பிறப்பது நூற்றில் நான்கைந்து குழந்தைகள்தான் என்பதையும் சுற்றியிருப்பவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது. தேதி கடந்த மறுநாளே "இன்னுமா ஆகவில்லை?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். நான் சாய்ந்த பக்கத்துக்கு இவை முழு ஆதரவு தரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "மருந்து வைத்தால் கடைசியில் சிசேரியனில்தான் முடியும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2018இல் அமெரிக்காவில் வெளியான 'அரைவ்' என்ற பெரிய ஆய்வில், முதல் குழந்தையைச் சுமந்த, சிக்கல் எதுவும் இல்லாத 6,106 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 39ஆவது வாரத்தில் வலியை வரவழைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன் ஆனது. காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். அதாவது மருந்து வைத்தவர்களுக்குத்தான் குறைவு. குழந்தைகளின் நலனில் இரண்டு குழுவுக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கர்ப்பப்பை வாய் இன்னும் இளகாமல் இருந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. எனவே சிசேரியனுக்குப் பயந்து மருந்தை மறுப்பதில் நியாயம் இல்லை. ஆய்வில் சேரத் தகுதி இருந்தும் நான்கில் மூன்று பங்குப் பெண்கள் சம்மதிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். காத்திருக்க விரும்புவது நான் மட்டும் இல்லை.

அப்படியென்றால் எதை வைத்து முடிவெடுத்தேன்? கர்ப்பப்பை வாயின் பக்குவத்தை வைத்து. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான உரையாடல்கள் தேதியைச் சுற்றியே நடக்கின்றன. இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964இல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். உள்பரிசோதனையில் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்து குறுகியிருக்கிறது, இளகியிருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, பின்பக்கம் பார்த்து இருக்கிறதா முன்னுக்கு வந்துவிட்டதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. இளகாத வாய் தொட்டால் மூக்கு நுனி மாதிரி இருக்கும், இளகிவிட்டால் உதடு மாதிரி இருக்கும் என்று எனக்கு விளக்கினார்கள். மொத்தம் 13 மதிப்பெண். எட்டோ அதற்கு மேலோ இருந்தால், மருந்து வைத்தாலும் தானாக வலி வருவது போலவே போகும் என்று எதிர்பார்க்கலாம். ஆறோ அதற்குக் குறைவோ என்றால் முதலில் வாயைப் பக்குவப்படுத்த வேண்டும்.

இந்தப் "பக்குவப்படுத்துவது" என்ற கட்டம்தான் பலருக்கும் தெரியாமல் போகிறது. காலையில் ஊசி போட்டால் மாலையில் குழந்தை என்று நினைத்துப் போகிறார்கள். வாய் இளகாமல் இருந்தால் உள்ளே ஜெல் வைப்பார்கள், சில மணி நேரம் கழித்துப் பார்த்து மறுபடி வைப்பார்கள். அல்லது மெல்லிய குழாயின் நுனியில் இருக்கும் சிறு பலூனை உள்ளே செலுத்தி நீர் நிரப்பி விடுவார்கள். அது அழுத்தி அழுத்தி, வாய் மூன்று சென்டிமீட்டர் போலத் திறந்ததும் தானே நழுவி வெளியே வரும். இதற்கே 12 மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் ஆகும். அதற்கு அப்புறம்தான் பனிக்குடத்தை உடைப்பதும், வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவதும். பிரசவம் அங்கிருந்துதான் வேகமெடுக்கும். ஆக, உள்ளே போனதிலிருந்து குழந்தை வரும்வரை இரண்டு நாள் ஆனாலும் அது கோளாறு இல்லை, சாதாரணம்தான்.

தானாக வரும் வலி பெரும்பாலும் மெல்லத் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டு, உடம்பைப் பழக்கிக்கொண்டே ஏறும். டிரிப்ஸில் அளவைக் கூட்டிக் கூட்டித்தான் கொடுப்பார்கள் என்றாலும், வலிகள் சீக்கிரமே நெருங்கி வரும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்குப் போதிய ஓய்வு கிடைக்காது, டிரிப்ஸைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். அதனால்தான் டிரிப்ஸ் ஓடும் நேரம் முழுவதும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அது அவசியமான காவல், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எழுந்து நடமாடும் சுதந்திரம் குறையும். முதுகெலும்பில் வலி மறக்கும் ஊசி கிடைக்கும் இடமென்றால் இந்த வேறுபாடு அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

39 வாரத்தில் என்னைப் பரிசோதித்தபோது வாய் மூடி, கெட்டியாக, பின்பக்கம் பார்த்து இருந்தது. இன்னும் சில நாள் போனால் உடம்பே செய்யக்கூடிய வேலையை இப்போது ஜெல்லும் பலூனும் ஒரு நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும். குழந்தை நன்றாக இருக்கும்போது அந்த வேலையை உடம்பிடமே விட்டுவிடலாம் என்று தோன்றியது. 41இல் மருந்து வைக்க வேண்டி வந்தாலும், அதற்குள் வாய் கொஞ்சமாவது இளகியிருந்தால் பாதை குறையும். எல்லோருக்கும் இளகிவிடும் என்று உறுதி கிடையாது, அதையும் மருத்துவர் சொன்னார். அதே பரிசோதனையில் எனக்கு எட்டு மதிப்பெண் வந்திருந்தால் நான் அன்றே சரி என்றிருப்பேன்.

மருந்து வைக்கும் பக்கம் சாய்பவர்கள் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: "வலி சரியாக வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள்?" பனிக்குடம் உடைத்து ஆக்சிடோசின் தொடங்கிய பிறகு, தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பார்த்த பின்பே "மருந்துக்குக் கேட்கவில்லை" என்று முடிவு கட்ட வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் வழிகாட்டல். அரைவ் ஆய்வின் 18.6 சதவீதம் அப்படிப் பொறுமை காட்டிய மருத்துவமனைகளில் வந்த எண். அதே பொறுமை இல்லாத இடத்தில் அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. உள்பரிசோதனையின்போது விரலை வாய்க்குள் விட்டு, பனிக்குடச் சவ்வைச் சுற்றிலும் கர்ப்பப்பைச் சுவரிலிருந்து லேசாகப் பிரித்து விடுவார்கள். வாயை இளக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பே சுரந்து வலியைத் தொடங்க இது உதவும். வலிக்கும், லேசாக ரத்தக்கசிவு வரலாம், அன்று இரவு முழுக்க வயிறு இழுத்துப் பிடித்து ஒன்றுமில்லாமலும் போகலாம். ஆனாலும் மருந்து வைக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையை இது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 40 வாரம் முடிந்ததும் நான் கேட்டுச் செய்துகொண்டேன். எனக்கு வலி வந்தது இதனாலா, எப்படியும் வந்திருக்குமா என்று சொல்ல வழியில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. இதைச் சரியாகச் செய்ய முடியாதவர்கள் மருந்து வைத்துக்கொள்வதே மேல் என்பேன். முதல் வேலை, அசைவைக் கவனிப்பது. "கடைசியில் இடம் இல்லாததால் குழந்தை அசையாது" என்பது தவறான நம்பிக்கை. உதைப்பது போய் உருளுவது, நெளிவது என்று அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. இடதுபக்கம் படுத்து இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிகிறதா என்று பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கையைவிட, உங்கள் குழந்தையின் வழக்கம் மாறிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றுவதே கிளம்பிப் போகப் போதுமான காரணம். அடுத்த நாள் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இரண்டாவது வேலை, இதயத் துடிப்புப் பரிசோதனை. வயிற்றில் இரண்டு பட்டை கட்டுவார்கள். ஒன்று குழந்தையின் துடிப்புக்கு, இன்னொன்று கர்ப்பப்பை இறுகுவதைப் பார்க்க. கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்தச் சொல்வார்கள். தாள் ஓடிக்கொண்டே இருக்கும். துடிப்பின் வழக்கமான அளவு நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டும், நடுநடுவே மேடு போல் எழ வேண்டும். 20 நிமிடத்தில் இரண்டு முறையாவது, 15 துடிப்பு கூடி 15 விநாடி நின்றால் திருப்தி. எனக்கு ஒரு முறை கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. "தூங்குகிறான், எழுப்பலாம்" என்று தாதி என்னைப் புரண்டு படுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த மேடு எழுந்தது. குழந்தை உள்ளே தூங்கும் நேரம் 20 நிமிடத்துக்கு மேலும் நீளும், அதனால்தான் 40 நிமிடம் வரை பார்க்கிறார்கள். இதோடு ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவையும் பார்த்தார்கள். நீர் குறைந்துவிட்டால் காத்திருப்பு அங்கேயே முடிகிறது.

41ஐ எல்லையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து ஏறுகிறது. மிகச் சிறிய எண்தான், ஆனால் ஏறுவது உண்மை. சுவீடனில் 41இல் வரவழைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்திருந்தன, மற்ற குழுவில் ஒன்றும் இல்லை. 2019இல் அது வெளியானது. 41 வாரம் உறுதியாக முடிந்தவர்களுக்கு வலியை வரவழைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். காத்திருப்பதை விரும்பும் நானே இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போக யாரையும் தூண்ட மாட்டேன்.

எனக்குத் தேதி கடந்து சில நாளில் தானாகவே வலி எடுத்தது. ஒருத்தியின் அனுபவம் எதையும் நிரூபிக்காது. மருந்து வைத்துக்கொண்டு ஒரே பகலில் சுகமாகப் பெற்றவர்களையும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது குழந்தை பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. முன்பு பிரசவம் ஆனவர்களுக்கு மருந்து பொதுவாகச் சீக்கிரம் வேலை செய்யும் என்பதால் அங்கே தராசு வேறு பக்கம் சாயலாம். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் பழைய தையல் பிரியும் ஆபத்து உண்டு. வலியை வரவழைக்கத் தரும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை அவர்களுக்குக் கூடாது. பலூன் மாதிரி வழிகளைப் பற்றி அந்தத் தையலைத் தெரிந்த மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும், ரத்தம் வந்தாலோ, பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தாலோ, கண் மங்கித் தலை வலித்தாலோ, அசைவு குறைந்தாலோ, குறித்த நாள் வரட்டும் என்று பார்க்காமல் அப்போதே கிளம்பிவிடுங்கள். பொய் வலியாக இருந்து திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, எந்தத் தாதியும் இதற்காகக் கோபிக்க மாட்டார்.