அவதார் மூன்று டிஸ்க் பெட்டி: 16 நிமிடத்துக்காக வாங்கியது

பழைய டிஸ்க் விற்பவர் ஒருவரிடம் 900 ரூபாய் கொடுத்து 'அவதார்' மூன்று டிஸ்க் ப்ளூ-ரே பெட்டியை வாங்கினேன். 2010 கடைசியில் வந்த பதிப்பு. பெட்டி ஓரம் விரிசல் விட்டிருந்தது. டிஸ்க்கில் கீறல் இல்லை, சரி என்று விட்டுவிட்டேன்.

படம் இதில் மூன்று நீளங்களில் இருக்கிறது. 2009இல் தியேட்டரில் ஓடியது 162 நிமிடம், இருப்பதிலேயே நீளமானது 178. கூடுதல் காட்சிகளில் எனக்கு வேண்டியிருந்தது தொடக்கத்தில் வரும் பூமிதான். முகமூடி போட்ட கூட்டம், சாம்பல் பூத்த நகரம். அழிந்து நூறு வருஷத்துக்கு மேலான வங்கப்புலியை குளோனிங்கில் மீட்டுவிட்டதாக டிவியில் செய்தி ஓடுகிறது. தியேட்டர் பிரதியில் இது கிடையாது. அதனால் கதாநாயகன் ஜேக் பின்னால் பண்டோரா மக்களின் தெய்வமான எய்வாவிடம் போய், எங்கள் உலகத்தில் பச்சையே இல்லை, தாயைக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லும்போது அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தொண்டை அடைத்தது. பூமியைக் காட்டாவிட்டால், ஜேக் போய்ச் சேரும் பண்டோரா வெறும் அழகான வால்பேப்பர். (கிரகம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், கதைப்படி அது ஒரு நிலா.)

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜேக் வந்து இறங்கும் இடத்தில் திறந்தவெளிச் சுரங்கம் வந்ததும், "டேய், பக்கெட் வீல்டா அது" என்று மண் வெட்டும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரத்தைக் காட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரிவைண்ட் பண்ணச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். கிலோ 2 கோடி டாலர் கனிமம் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். பண்டோரா மக்கள் குடியிருக்கும் ராட்சத மரமான ஹோம்ட்ரீ சாயும்போது சிரிக்கவில்லை. "அந்த ஜனங்களுக்கு மாத்து இடம் குடுத்தாங்களாடா?" என்று மட்டும் கேட்டார்.

படத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட வந்தவர்களை எதிர்த்த டோங்ரியா கோந்த் மக்களுக்காக, 2010இல் இந்தப் படத்தைச் சொல்லியே இதன் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனிடம் ஆதரவு கேட்டார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2013இல் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றே சொல்லின. படத்தில் வருவதுபோல் பெரிய சிவப்புப் பறவை மேலேறி வந்து காப்பாற்ற அங்கே ஜேக் சல்லி யாரும் இல்லை. ஊர்க்காரர்களே பேசி முடித்தார்கள். பண்டோராவில் மட்டும் அதற்கு வெளியாள் தேவைப்படுகிறான்.

மற்றபடி படமும் ஒலியும் பிரமாதம். இரவுக் காட்டில் கால் வைத்த இடமெல்லாம் ஒளிர்வதைப் பார்க்கும்போது ஹால் லைட்டை அணைத்துவிடுங்கள். 3டி இதில் கிடையாது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். என் பிரதியில் தமிழ் சப்டைட்டிலும் இல்லை. மூன்று மணி நேரமும் அப்பாவுக்கு நான்தான் டப்பிங். மூன்றாவது டிஸ்க்கை இன்னும் போட்டே பார்க்கவில்லை.