கண்டென்சரா டைனமிக்கா, ஸ்பீக்கரா ஹெட்போனா: திருகோணமலையில் ஒரு ஹிப்ஹாப் அறை

மருமகன் ஒரு பட்டியலோடு வந்து நின்றான். உப்புவெளி வீட்டின் பின்னறையை ஸ்டூடியோ ஆக்க வேண்டும், பீட்டும் அங்கேயே செய்து ராப்பும் அங்கேயே பதிய வேண்டும் என்பது அவன் ஆசை. பட்டியலின் முதல் வரியில் கண்டென்சர் மைக், அதாவது மின்சாரம் கொடுத்தால் மட்டும் வேலை செய்து சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் வகை. "மாமா, வீடியோவில எல்லாரும் இதைத்தான் வைச்சிருக்காங்க" என்றான்.

பதில் சொல்வதற்கு முன் அந்த அறையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மேலே ஃபேன். வெளியே கச்சான் காற்றில் உரசும் தென்னோலை. நிலாவெளி வீதியில் போகும் பஸ்ஸின் ஹோர்ன். கொஞ்சம் தள்ளிக் கோயில் லவுட்ஸ்பீக்கர். எந்த மைக் வாங்கினாலும் இவையும் பாட்டுக்குள் வரப் பார்க்கும். ஆகவே எங்கள் ஊரில் கண்டென்சரா, மேடைகளில் பிடிக்கும் உறுதியான டைனமிக் மைக்கா என்ற போட்டியை விலையை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

கண்டென்சருக்கு ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020, டைனமிக்குக்கு ஷூர் எஸ்எம்58 என்று எடுத்துக்கொள்வோம். ஒரே குரலை ஒரே தூரத்தில் கொடுத்தால் ஏடி2020 தரும் மின்னழுத்தம் எஸ்எம்58 தருவதைப்போல ஏழு மடங்குக்கு மேல். ஏடி2020க்கு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே மின்சாரம், போக வேண்டும். எஸ்எம்58க்கு அது தேவையே இல்லை. கண்டென்சரில் 'ச', 'ஸ' எல்லாம் பளிச்சென்று விழும், மூச்சுக்கூடத் தெளிவாகக் கேட்கும். மெதுவாகப் பேசுவதுபோல ராப் செய்பவருக்கு அது பெரிய வரம்.

ஆனால் கண்டென்சர்தான் அறைச் சத்தத்தை இழுக்கிறது என்று பலர் சொல்வது பாதி உண்மைதான். உண்மையில் விஷயம் தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். அறைச் சத்தம் அப்படியே நிற்கும். 30 சென்டிமீட்டரில் நின்று பாடுபவர் 7.5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபெல் லாபம். மேடையில் வாயோடு ஒட்டிப் பாடுவதற்கென்றே செய்யப்பட்ட எஸ்எம்58 அந்த நெருக்கத்தைத் தாங்கும், குரலுக்கும் கொஞ்சம் கனம் சேர்க்கும். கண்டென்சரில் அவ்வளவு கிட்டப் போனால் 'ப' வரும்போதெல்லாம் காற்று படாரென்று அடிக்கும். அந்தக் காற்றைத் தடுக்கும் பொப் ஃபில்டர் வைத்துத் தள்ளித்தான் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் ஃபேன் உள்ளே வந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு வைகாசி வெயிலில் மூன்று வெர்ஸ் பாடிப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் ஈரம். மாரி காலத்தில் இங்கே அலுமாரிக்குள் இருக்கும் சட்டையே நசநசக்கும். கண்டென்சரின் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரத் தொடங்கும். கடலோர உப்புக் காற்று இணைப்புகளையும் அரிக்கும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பாடி முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். டைனமிக் மைக் இந்த விஷயத்தில் கல்லுப்போல நிற்கும்.

என் தீர்ப்பு: இந்த அறைக்கு எஸ்எம்58. ஷூர் எஸ்எம்7பி மீது ஆசை வருவது நியாயம்தான், ஆனால் அது எஸ்எம்58ஐ விடவும் மெல்லிய சிக்னல் தருவது. கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, 60 டெசிபெல் வரை கேட்கும். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ போன்ற சிறிய இன்டர்ஃபேஸ் 56 வரைதான் தரும். மைக் ஒன்றுக்காகச் சிக்னலைக் கூட்டும் இன்னொரு பெட்டியும் வாங்க வேண்டி வரலாம்.

மிச்சக் காசில் முட்டை அட்டை வாங்கி ஒட்டாதீர்கள், அது அநேகமாக ஒன்றுமே செய்யாது. வீட்டில் கிடக்கும் பழைய தும்பு மெத்தை அதைவிடப் பல மடங்கு நல்லது. அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் அல்ல, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். மைக்கின் காது பாடுபவரின் பக்கம்தான் பார்க்கிறது. அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம்தான் நேராக அதற்குள் போகும்.

அடுத்தது ஸ்பீக்கரா ஹெட்போனா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, முதலில் ஹெட்போன். காரணம் அந்த அறையின் அளவு: பத்துக்குப் பத்து அடி. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. 3.05 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையே முதல் நிலையலை, அதாவது அறையின் நடுவில் மெலிந்து சுவரோரம் பெருக்கும் ஒலியலை, 56 ஹெர்ட்ஸில் விழும். சதுர அறை என்பதால் நீளத்திலும் அகலத்திலும் அதே 56. 808 என்று அழைக்கும் ஹிப்ஹாப்பின் ஆழமான பாஸ் உலாவுவதே அந்த இடத்தில்தான். அங்கே உள்ள தாழ்ந்த ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ்.

மருமகனுக்கு இதைக் காட்டினேன். இரவல் ஸ்பீக்கர் சோடியில் 55 ஹெர்ட்ஸ் பாஸை ஓடவிட்டு, கதிரையை அறையின் நடுவில் போட்டு உட்காரச் சொன்னேன். பாஸ் மெலிந்துபோனது. கதிரையைப் பின்சுவரோடு ஒட்டச் சொன்னேன், நெஞ்சில் இடித்தது. வொலியூமில் யாரும் கை வைக்கவில்லை. நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர் பாஸைக் கூட்டிக்கொண்டே போவார், வெளியே அது குமுறும். அதோடு யமஹா எச்எஸ்5 போன்ற ஐந்து அங்குல ஸ்பீக்கர் 54 ஹெர்ட்ஸிலேயே 10 டெசிபெல் இறங்கிவிடும், அதற்குக் கீழே இருப்பது சரியாகக் கேட்காது.

மூடிய வகை ஹெட்போனில் அறையே கிடையாது. பாடும்போது பீட் மைக்குக்குள் கசியாது, இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். சோனி எம்டிஆர்-7506, ஓடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ் இரண்டுமே போதும். இரண்டாவது பாஸைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதை மனதில் வைத்துக்கொண்டு மிக்ஸ் செய்ய வேண்டும்.

மென்பொருளில் சண்டையே தேவையில்லை. பீட் செய்வதற்கு எஃப்எல் ஸ்டூடியோவில் தாளத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பும் ஸ்டெப் சீக்குவென்சரும் சுரங்களை வரையும் பியானோ ரோலும் கைக்கு வேகமாக வரும். ஒருமுறை வாங்கினால் புதிய பதிப்புகள் ஆயுள் முழுக்க இலவசம். ஆனால் அதன் இலவசச் சோதனைப் பதிப்பில் சேமித்ததை வாங்கும்வரை மீண்டும் திறக்க முடியாது. குரலை அடுக்கடுக்காகப் பதிந்து வெட்டி ஒட்ட ரீப்பர் நல்லது; 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டொலர். லப்டொப் இல்லாதவர் போனில் பேண்ட்லேப் செயலியை வைத்து இன்றைக்கே தொடங்கலாம். விரலால் தட்டிப் பீட் வாசிக்கும் பேட் பலகை பிறகு பார்க்கலாம், மவுஸாலேயே நல்ல பீட் வரும்.

பதியும்போது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.

முதல் பாட்டை முடித்ததும் பக்கத்து வீட்டு அண்ணாவின் ஓட்டோவில் போட்டுக் கேட்டோம். குரல் அழகாக நின்றது, பாஸைக் காணோம். சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வராது. திரும்பி வந்து மருமகன் 808இல் கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட், சேர்த்தான்; சின்ன ஸ்பீக்கரிலும் கேட்கும்படி 100இலும் 150இலும் மேற்சுரங்கள் எழுந்தன. மறுபடி ஓட்டோவுக்குப் போனோம். பாஸ் எங்கே என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. அண்ணா வொலியூமைக் கூட்டினார்.