பன்றிக் காவலுக்கு எஸ்ஜி தோட்டா: பல போகம் பாவித்துப் பார்த்ததில்

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்க வயல்களில் பன்றிக் காவலுக்கு உரிமத்தோடு வைத்திருப்பது பெரும்பாலும் பழைய 12 போர் துவக்குதான். போடுவது எஸ்ஜி தோட்டா, உள்ளே 8.4 மி.மீ. ஈயக் குண்டு ஒன்பது. ஈயம் நஞ்சு என்பதால் கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு அது கூடாது, டென்மார்க்கில் 2024 முதல் ரைபிளுக்கும் கூடாது என்று கேள்விப்பட்டவர்கள், இங்கேயும் ஈயமில்லாததைப் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். பழைய குழலுக்கு அது சரிவராது.

குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. எஸ்ஜி குண்டுகள் மூன்று மூன்றாக மூன்று தட்டில் இருக்கும். மூன்று குண்டு சேர்ந்தால் 18.1 மி.மீ. இடம் வேண்டும். வாயை நன்றாக ஒடுக்கிய 'ஃபுல் சோக்' குழலின் வாயோ சுமார் 17.5தான். ஈயம் நசுங்கி வெளியேறும், ஆனால் கோணலான குண்டு கண்டபாட்டுக்குப் பறக்கும். நசுங்காத இரும்பைப் போட்டால் குழல் வாய்தான் வீங்கும். பிஸ்மத் என்ற உலோகம் இரும்பைவிட மென்மையானது, ஆனால் எலும்பில் பட்டால் நொறுங்கும். செம்புச் சன்னம் ரைபிளுக்கு அருமையான சாமான். ஈயத்தைவிட எடை குறைந்த உலோகமென்பதால் அதே எடைக்கு நீளம் கூடும், அவ்வளவுதான். நம் வயலில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ஆகவே எஸ்ஜியை இரட்டைக் குழலில் வாய் அகன்ற பக்கத்தில் போடுங்கள், அநேகமாக அது வலது குழல். அதிலும் குண்டுகள் ஒரு யார் (மூன்றடி) தூரத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் விரியும். 25 யாரில் விரிவு இரண்டடிக்கு மேல். பன்றியின் நெஞ்சோ சோற்றுக் கோப்பை அளவு. அதில் இரண்டோ மூன்றோ பட்டால் பன்றி காயத்தோடு பற்றைக்குள் போய்விடும், பிறகு தேடிப் போகிறவனுக்குத்தான் ஆபத்து. சீமெந்துப் பையை விரித்து, கோப்பையை வைத்து வட்டம் கீறி, 15, 20, 25 யாரில் ஒவ்வொரு வெடி வைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் நாலு குண்டு விழும் கடைசித் தூரம்தான் உங்கள் துவக்கின் எல்லை. தோட்டா விலைக்கு இது வீண்செலவாகத் தெரியும், இல்லை.

அடுத்தது நீளம். பழைய துவக்கில் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. தோட்டாவில் போட்டிருக்கும் 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். அதனால் 70 மி.மீ. தோட்டாவும் 65 அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். குழலின் அடியில் குத்தியிருக்கும் அளவைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பெரும்போக மழையில்தான் தோட்டா கெடுகிறது. சாரத்து மடியில் செருகிக்கொண்டு காவலுக்குப் போனால் வியர்வை உப்புப் பட்டுப் பித்தளை அடி பச்சைக் களிம்பு பிடிக்கும். இறுக்கமான டின்னில், வறுத்த அரிசி முடிச்சோடு வையுங்கள். வெடிக்காவிட்டால் குழலை வெற்றிடத்துக்கு நீட்டியபடி ஒரு நிமிடம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். வழக்கத்தைவிட மந்தமாக 'புஸ்' என்று கேட்டால் அடுத்த வெடி வைக்காதீர்கள். துவக்கைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்பு குழலில் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சிக்கியிருந்தால் அடுத்ததில் குழல் பிளக்கும்.

இனி இறைச்சி. எஸ்ஜி, ரைபிள் சன்னத்தைவிட மெதுவாகப் போவதால் தூளாவது குறைவு. ஆனால் எலும்பில் உரசிய இடத்தில் ஈயத் துணுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குண்டு போன வழியைச் சுற்றி ஒரு சாண் சதையை, இரத்தம் கட்டிய இடம் முழுவதையும், வெட்டி எடுத்துவிடுங்கள். இதைப் புளி, கொறுக்காய் சேர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். வெட்டியதை நாய்க்குப் போடுவது பெரிய பிழை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பன்றியைச் சாப்பிடாதவர்கள் வரம்போரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நரியும் பருந்தும் அந்த ஈயத்தைத் தின்னும். மூன்றடி ஆழத்தில் புதைத்து, மேலே முள்ளுக் கொப்பு போட்டால் தோண்டாது.