கம்பிப்பூட்டுக் கண்ணாடிப் போத்தல்: வீட்டு இஞ்சி பியருக்கு உகந்ததா?

வீட்டில் ஈஸ்ட் இட்டு இஞ்சி பியர் செய்பவர்களுக்கு நுரை நன்றாக எழுவது இஞ்சியின் காரத்தைவிடப் போத்தலையே பெரிதும் சார்ந்தது என்பதால், கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய 750 மில்லிலீற்றர் கம்பிப்பூட்டுப் போத்தல்களை (மூடியைக் கம்பியால் இறுக்கிப் பூட்டும் போத்தல்களை)ப் பற்றி எழுதுகிறேன்.

கண்ணாடி தடித்தது, அடிப்பாகம் வட்டமானது. சதுரப் போத்தல்களும் அதே கடையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன, ஆனால் அவற்றின் தட்டையான பக்கங்கள் வாயு அழுத்தத்தைத் தாங்க உகந்தவையல்ல என்பதால் அவற்றை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குறை இறப்பர் வளையத்தில்தான் இருக்கிறது: ஒன்றிரண்டில் அது போத்தலின் வாயோடு சரியாகப் பொருந்தாமல் காபனீரொட்சைட்டு மெல்லக் கசிந்துவிட, ஊற்றும்போது நான்கைந்து குமிழிகள் மட்டுமே மேலெழுந்தன. வளையத்தை மாற்றியதும் குவளையின் விளிம்புவரை வெண்ணுரை திரண்டது. மோல்ட்டின் (முளைவிட்டு உலர்த்திய பார்லியின்) புரதம் இல்லாத பானமாகையால் அந்த நுரை பியரின் நுரையைப் போல நீடித்து நிற்காது; அதைப் போத்தலின் குறையாகக் கொள்ளக்கூடாது.

உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ சவர்க்காரமோ எஞ்சினால் நுரை உடனே அடங்கிவிடும். பழைய படிவு ஒட்டியிருந்தாலோ திறந்தவுடன் பாதிப் பானம் பொங்கி வெளியேறிவிடும். ஆகவே புதிய போத்தலையும் சுடுநீரில் நன்கு அலச வேண்டும்.

கொழும்பின் வெப்பத்தில் நொதித்தல் விரைந்து நடந்து போத்தலுக்குள் அழுத்தம் மிகுவதால், அதை அறியக் கண்ணாடிப் போத்தல்களோடு ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலையும் நிரப்பி வையுங்கள். விரலால் அழுத்தும்போது அது கல்லாக இறுகியிருந்தால், அனைத்தையும் உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.