நான்கு அணியா, பன்னிரண்டு அணியா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2014 முதல் 2023 சீசன் வரை தேசியக் கோப்பைக்கான பிளேஆஃபுக்கு (கடைசி நாக்-அவுட் சுற்றுக்கு) நான்கே அணிகள்தான். அணிகள் பிரிந்து ஆடும் கான்ஃபரன்ஸ்களில் (லீக்குகளில்) பெரியவை அப்போது ஐந்து, இடமோ நான்கு. சண்டை வராமல் எப்படி இருக்கும்? 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் வென்று, அந்த ஐந்தில் ஒன்றான ஏ.சி.சி.யின் பட்டத்தோடு வந்து நின்றது. ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலில் அடிபட்டு வெளியேறியிருந்தார். அதைக் காரணம் காட்டி, ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவுக்கு, இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் சாம்பியனுக்கு, நான்காவது இடத்தைக் கொடுத்தது அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு. அப்புறம் பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் ஃபுளோரிடா ஸ்டேட் 63-3 என்று நொறுங்கியதும், ‘பார்த்தீர்களா?’ என்றார்கள் சிலர். பல முக்கிய வீரர்கள் அன்று களமிறங்கவே இல்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

2017 இன்னும் மோசம். எஸ்.இ.சி. பட்டத்தையே வெல்லாத அலபாமா உள்ளே வந்து, எஸ்.இ.சி. சாம்பியன் ஜார்ஜியாவை வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது.

2024இல் இடங்கள் 12 ஆயின. ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. சிறிய கான்ஃபரன்ஸைச் சேர்ந்த பாய்சி ஸ்டேட்டுக்கும் கதவு திறந்தது. சரி, பெரிய கான்ஃபரன்ஸ்களின் ஆதிக்கம் போயிற்றா? இல்லை. பிக் டென், எஸ்.இ.சி. என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்கள் மட்டும் சேர்ந்து ஏழு இடங்களை எடுத்துக்கொண்டன. முதல் சுற்றில் ஆடாமலே நேராகக் காலிறுதிக்குப் போன நான்கு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களும் காலிறுதியிலேயே தோற்றார்கள். கோப்பையை வென்ற ஒஹாயோ ஸ்டேட்டோ பிக் டென் இறுதிப் போட்டிக்கே போகாத அணி.

இருந்தாலும் என் ஓட்டு பன்னிரண்டுக்குத்தான். எல்லா ஆட்டமும் ஜெயித்த பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியனை இதில் வெளியே நிறுத்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.