வாயால் சொன்ன உத்தரவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பெரிய தேயிலைக் கம்பெனிகளில் ஃபீல்டு ஆபீசராகச் சேரப்போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு கம்பெனியில் 4 ஆண்டு 10 மாதம் இருந்தேன்.

முதல் மேனேஜர் விடிந்ததும் தேயிலைக் காட்டுக்கு வந்துவிடுவார். அடுத்து வந்தவர் பங்களாவை விட்டு இறங்கவே இல்லை. எல்லாம் போனில்தான். வாட்ஸ்அப்பில் எதையாவது கேட்டால், "நேர்ல பேசிக்கலாம்" என்பார். ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஜனவரியில் உறைபனி கடுமை. இளஞ்செடிகளைத் தாகைச் செடிகளை வெட்டிப் போட்டு மூடிக் காப்பாற்றினோம். பள்ளத்துக் காடுகளில் கொழுந்து கருகிவிட்டது. விளைச்சல் குறைந்ததால் கிலோவுக்கு ஆகிற செலவு ஏறியது. அதைத் தலைமை அலுவலகத்தில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. "ஆளுக்கு 2 கிலோ ஈரக் கழிவு போடுங்க" என்றார். அதாவது, இலையில் ஈரம் என்று சொல்லி, நிறுத்த எடையில் 2 கிலோவைக் குறைத்து எழுத வேண்டும். மழைக்காலத்தில் கழிப்பது வழக்கம்தான். ஜனவரியில் காலை நிறுவையில் பனி ஈரம் இருக்கும், சரி. வெயிலில் காய்ந்த மாலைக் கொழுந்துக்கு எதற்குக் கழிவு? கேட்டேன். "நான் பார்த்துக்கறேன், உங்க ப்ரமோஷனுக்கு எழுதியிருக்கேன்" என்றார். 3 வாரம் அப்படியே எடையைக் கழித்து எழுதினேன். நான் செய்தது தப்பு. கொழுந்து பறித்த அக்காக்களுக்கு, அன்றாட அளவுக்கு மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற மேல்கிலோ காசு அது.

அவர்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். "எனக்குத் தெரியாது, இவர் தானா செஞ்சது" என்றார் மேனேஜர். நிறுவைப் புத்தகத்தில் இருந்தது என் கையெழுத்து மட்டும். என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதித் தந்தால் நல்ல சான்றிதழ், இல்லாவிட்டால் டிஸ்மிஸ். பயத்தில் அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு நாளாவது அவகாசம் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை. "5 வருஷம் முடியல, கிடையாது" என்று கைவிரித்தார்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கணக்கிடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதைக் காட்டித் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறேன். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்த நாட்களைக் காட்ட முடிந்தது.

வாயால் உத்தரவு வந்தால் அன்று இரவே, "நீங்கள் சொன்னபடி இன்று இதைச் செய்தேன்" என்று மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அது சாட்சி.

யாரிடம் எத்தனை கிலோ கழித்தேன் என்பது தேதிவாரியாக என் நோட்டில் இருக்கிறது. அந்த அக்காக்கள் எப்போது கேட்டாலும் கொடுப்பேன். எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.